கூதிர்க்காலத்து உணவும் குடும்பப் பந்தியும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரண்டு திங்களே கூதிர். மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று கூறும் பருவமும் ஏறத்தாழ இந்த நாள்களில்தான் வருகின்றது. ஆனால், அங்கே மரங்கள் இலையை உதிர்க்கும்போது, இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் பசுமை பூணுகின்றது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்வதேயாகும். ஆகவே, நமக்குக் கூதிர் என்றால் மழை. மழை என்றால் வீடு. வீடு என்றால் அடுப்பும் அதைச் சூழ்ந்த சுவையும். அந்தச் சுவையைப் பற்றியும், குடும்பத்தோடு வெளியே சென்று உண்ணும் இன்பத்தைப் பற்றியும், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நாம் கற்கக்கூடிய பாடம் ஒன்றைப் பற்றியும் இன்று பேச எண்ணுகின்றேன்.

கூதிரின் குளிரைப் பாடிய பழம்புலவர் நக்கீரர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அவர் பாடியது. அதில் மழையால் வருந்தும் ஆயர்களைக் காண்கின்றோம்; மேய்ச்சலை மறந்து நிற்கும் விலங்குகளைக் காண்கின்றோம். நகரத்து வீடுகளிலோ, வேனிலில் பயன்பட்ட விசிறி சும்மா தொங்குகின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த கலத்தை எவரும் நாடவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பை இட்டு மக்கள் குளிர் காய்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகளாக நாம் பெரிதும் மாறிவிடவில்லை. மழை பிடித்துக்கொண்டால் இன்றும் நம் கால்கள் அடுக்களைப் பக்கமே செல்கின்றன.

பருவத்துக்கு ஏற்ற உணவு எது என்பதை நம் பாட்டிமார் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும், அவர்கள் செய்தவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது. எடுத்துக்காட்டாக அடையைப் பாருங்கள். இட்லி மாவு புளிப்பதற்கு வெப்பம் வேண்டும். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் வெம்மையில் விரைந்து பெருகும். குளிரில் சோம்பிக் கிடக்கும். ஆகவே மழைநாளில் மாவு எளிதில் பொங்குவதில்லை. அடைக்கு இந்தக் கவலையே இல்லை. அரிசியையும் பருப்புகளையும் ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்த உடனே வார்த்துவிடலாம். கல்லில் மொறுமொறுவென்று எழும் அடையோடு வெல்லமும் வெண்ணெயும் சேர்ந்தால், வெளியே பெய்யும் மழையும் இனிதாகவே தோன்றும்.

வற்றலும் அப்படியே. அடைமழையில் காய்கறிகள் சந்தைக்கு வருவது குறையும். வந்தாலும் விலை ஏறும். அதை அறிந்தவர்கள், சித்திரை வெயிலிலேயே மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் கொத்தவரையையும் உலர்த்திப் பானையில் கட்டி வைத்தார்கள். ஐப்பசியில் நாம் உண்ணும் வற்றற்குழம்பு, சித்திரை மாதத்து வெயிலைச் சேமித்து வைத்த செல்வமேயாகும்.

மிளகு ரசத்தைச் சொல்லாமல் கூதிரைச் சொல்ல முடியாது. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கொடி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அது வருவதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும் போன்றவையே. மிளகு ரசம், கொள்ளு ரசம், தூதுவளை ரசம், கண்டந்திப்பிலி ரசம் என்று சில வீடுகளில் மணக்கும். ஆட்டுக்காற்சாறு, நண்டுச்சாறு, மிளகு மிகுதியாக இட்ட நாட்டுக்கோழிக் குழம்பு என்று வேறு சில வீடுகளில் மணக்கும். வழக்கம் வேறாயினும் நோக்கம் ஒன்றே. சூடும் காரமும் உடம்புக்குள் சென்று குளிரை விரட்டவேண்டும்.

விழாக்களும் இந்தப் பருவத்தில் நெருங்கி வருகின்றன. தீபாவளி விடியலில் பலகாரத்துக்கு முன்னே, சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய மருந்தை ஓர் உருண்டை கையில் வைப்பார்கள். விருந்து செரிக்க வேண்டும் என்ற முன்யோசனை அது. ஐப்பசி முழுமதி நாளில் சிவன் கோயில்களில் இறைவன் திருமேனி முழுதும் சோற்றால் அணிசெய்யப்படும் அன்னாபிடேகம் நிகழும். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பொரியுருண்டை வரும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களில் பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை வரும். ஓலையைப் பிரிக்கும்போது எழும் மணத்தை அறிந்தவர்கள் அறிவார்கள்.

இனி, ஒரு கேள்வி கேட்கின்றேன். நான் இதுவரை கூறிய உணவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு என்ன? சூடாக உண்ணவேண்டும் என்பதே. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் மணமேயாகும். அந்த மணம் ஆவியோடு எழுந்து மூக்கை அடைகின்றது. ஆறிப்போன ரசத்திலும் உப்பு இருக்கும், புளிப்பு இருக்கும்; ஆனால் மணம் எழாது. ஆறிய அடையோ தோல்போல் ஆகிவிடும். அப்படியானால், கூதிர்க்காலத்து உணவின் இன்பம் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கின்றது. அந்தச் சில நிமிடங்கள் வீட்டில் யார் யாருக்குக் கிடைக்கின்றன? இதுதான் என் கேள்வி.

பள்ளிக் கணக்கைப்போல் இதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஐவர்: பாட்டி, தந்தை, தாய், மகன், மகள். ஆளுக்கு மூன்று அடை; மொத்தம் பதினைந்து. பருமனான ஓர் அடை இருபுறமும் வேகக் கல்லில் நான்கு நிமிடம் ஆகும் என்று கொள்வோம். பதினைந்து அடைக்கு அறுபது நிமிடம். நால்வர் சூடாக உண்டு முடிக்க நாற்பத்தெட்டு நிமிடம் ஆகின்றது. அதன்பின் தாய் தனக்கென மூன்று வார்க்கவேண்டும். அதற்குள் அடுக்களையில் எல்லாரும் எழுந்து போயிருப்பர். மாவும் அடியிற் சிறிதே இருக்கும். தனி ஒருத்திக்காக மீண்டும் கல்லைக் காயவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? காலையில் மிஞ்சிய சோற்றில் மோரை ஊற்றி உண்டுவிட்டுப் படுத்துவிடுகின்றாள். சூடான உணவைச் செய்தவளுக்கே சூடான உணவு இல்லை.

இது மிகைப்படக் கூறுவதன்று. நான் பணியில் இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒருமுறை 'மழைநாளில் எங்கள் வீட்டு இரவு உணவு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பிள்ளைகள் அழகாகவே எழுதியிருந்தார்கள். கூரை ஒழுகியதையும், ஒழுகிய இடத்தில் குண்டான் வைத்ததையும், அப்பா கதை சொன்னதையும், அப்பளத்துக்காகத் தம்பியோடு சண்டையிட்டதையும் எழுதியிருந்தார்கள். நாற்பது கட்டுரைகளில் தாய் என்ன உண்டாள் என்பதை எழுதியவர்கள் இருவரே. அவர்களுள் ஒரு சிறுமி, தான் உறங்கிய பிறகே அம்மா சாப்பிடுவார் என்றும், ஆகவே அம்மா சாப்பிட்டதைத் தான் பார்த்ததே இல்லை என்றும் எழுதியிருந்தாள். அவள் அதைக் குறையாக எழுதவில்லை. மழை பெய்தது என்பதைப்போல் இயல்பாக எழுதியிருந்தாள். அந்த இயல்புதான் என்னை நெடுநாள் எண்ண வைத்தது.

2019 ஆம் ஆண்டில் இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஓர் ஆய்வு நடத்தியது. ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர் என்றும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகின்றனர் என்றும் அது கண்டது. அப்படி ஈடுபடுவோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும், எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஒரு பெண்ணின் உடலுக்கு நன்மை செய்யாது என்பதை அறிய ஆய்வு வேண்டுவதில்லை.

இப்போது, வெளியே சென்று உண்ணும் செய்திக்கு வருகின்றேன். உணவு விடுதி என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. வீட்டுச் சோறு இருக்க விலைச் சோறு எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் நகரங்களில் 'காபி கிளப்' என்ற பெயரோடு சிற்றுண்டிச்சாலைகள் பெருகின. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோர் நடத்திய விடுதிகள் பெயர் பெற்றன. அவற்றுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் ஆடவரே. அன்றியும், பிறப்பின் பெயரால் ஒருவரை உள்ளே விடுவதும் ஒருவரைத் தடுப்பதும், தனியிடத்தில் அமர்த்துவதும் பல இடங்களில் நடந்தன. 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சமயம், சாதி, பால் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. 1955 இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தகைய தடையைத் தண்டனைக்குரியதாக்கியது. இன்றும் சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருப்பதாகச் செய்தி வரும்போது, சட்டம் சென்ற தொலைவுக்கு மனம் இன்னும் செல்லவில்லையே என்று வருந்துகின்றோம்.

மெல்ல மெல்லப் பெண்களும் பிள்ளைகளும் விடுதிகளுக்கு வரத் தொடங்கினர். முதலில் அவர்களுக்கெனத் திரையிட்ட 'குடும்ப அறை' ஒதுக்கினர். பின்பு திரையும் விலகியது. சென்னையில் 1962 இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் விடுதி ஒன்றில், குடும்பத்தினர் தம் காரில் அமர்ந்தபடியே சிற்றுண்டி உண்ணலாம். மரநிழலில் அமைந்த அவ்விடம் 2008 இல் மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கின்றது. ஆனால், அங்கே பெற்றோரோடு தோசை உண்ட பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டி ஆன பின்பும் அதைச் சொல்லி மகிழ்கின்றனர். அவர்கள் நினைவில் நிற்பது தோசை மட்டுமன்று; எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருந்ததேயாகும்.

ஒரு மழைநாள் மாலையில், ஏதேனும் ஓர் ஊரில், ஒரு நடுத்தரக் குடும்பம் உணவு விடுதிக்குள் நுழைவதைப் பாருங்கள். குடையை மடக்கி மூலையில் சாத்துகின்றனர். பாட்டியைச் சுவர்ப்பக்கமாக அமர்த்துகின்றனர். பிள்ளைகள் சுவரில் எழுதியுள்ள பலகாரப் பட்டியலை உரக்கப் படிக்கின்றனர். "நீ என்ன சாப்பிடுகிறாய்?" என்று தந்தை தாயை வினவுகின்றார். வீட்டில் நாள்தோறும் எல்லாரையும் பார்த்து அவள் கேட்கும் கேள்வி, இன்று அவளை நோக்கி வருகின்றது. அவளுக்குச் சட்டென்று விடை தோன்றுவதில்லை. தனக்கு எது பிடிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருக்கின்றது. சற்றுத் தயங்கி, "நெய் ரோஸ்ட்" என்கின்றாள். அது ஆவி பறக்க வருகின்றது. அவள் முன்னால் வைக்கப்படுகின்றது. அவள் எழுந்து எவருக்கும் பரிமாற வேண்டியதில்லை. பிள்ளைகள் தம் தாய் உண்பதைப் பார்க்கின்றனர்.

இந்தக் காட்சிக்காகவே, வசதிக்கு ஏற்ப, மாதத்தில் ஒரு நாளேனும் குடும்பத்தோடு வெளியே சென்று உண்ணலாம் என்பேன். பெரிய விடுதி வேண்டியதில்லை. நால்வருக்கு இட்லியும் வடையும் காப்பியும் தரும் சிறு கடை போதும். மழைக்காலத்தில் நீராலும் ஈயாலும் நோய் பரவும். ஆகவே கண்ணெதிரே சூடாகச் செய்து தரும் கடையாகப் பார்த்துச் செல்லவேண்டும். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்ற உரிமம் கடையில் மாட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லலாம். வேண்டிய அளவு மட்டும் வாங்கி, இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் எழலாம். அந்த அரைமணி நேரம் கைப்பேசிகளைப் பையில் வைத்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசலாம்.

இன்னொன்றும் மறக்கலாகாது. நம் தாய் அமர்ந்து உண்ணும் அவ்வேளையில் நின்றுகொண்டு பரிமாறுபவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். உள்ளே புகையில் நிற்கும் சமையற்காரர் நாம் எல்லாரும் போனபின்தான் உண்பார். விரலைச் சொடுக்கி அவர்களை அழைப்பது பண்பாகாது. "அண்ணா", "ஐயா", "அம்மா" என்று பிள்ளைகள் அழைக்கட்டும். இன்று கைப்பேசிச் செயலி வழியாகச் சொன்னால் உணவு வீட்டுக்கே வருகின்றது. கொட்டும் மழையில் அதைக் கொண்டுவரும் இளைஞரைத் திண்ணையில் சற்று நிற்கச் சொல்லித் துடைத்துக்கொள்ளத் துண்டும் பருகச் சூடான நீரும் கொடுப்பதற்கு என்ன செலவு ஆகும்? நம் வீட்டில் ஒருத்தியின் சுமையை இறக்கி, அதைக் காணாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று இருத்தல் கூடாது.

இனி, முதலில் கூறிய பாடத்துக்கு வருகின்றேன். விடுதியில் தாய்க்குக் கிடைக்கும் இடம் வீட்டில் கிடைக்கக் கூடாதா? மாதத்தில் ஒரு நாள் அவள் விருந்தினள். மற்ற இருபத்தொன்பது நாளும் கடைசி இலைக்காரி என்றால், அந்த ஒரு நாளால் என்ன பயன்? விடுதியில் கண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் செலவிட்ட பணத்துக்குப் பொருள் உண்டு.

இதற்குத் தடை சொல்வோர் உண்டு. "தாய் தானே விரும்பிக் கடைசியில் உண்கின்றாள், அது அவள் அன்பு" என்பர். உண்மை, அது அன்புதான். ஆனால், கொடுப்பவரின் அன்பு, பெறுபவரின் கடமையை நீக்கிவிடாது. தவிர, அவளைப் பார்த்து வளரும் மகளும், பெண் என்றால் பின்னால் உண்பவள் என்று எழுதாத பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றாள். மகனோ, தனக்கு முன்னால் உணவு வருவது இயற்கை என்று கற்கின்றான். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். வந்தவரை முன்னே அமர்த்தி உண்பித்தல் நம் மரபு. நம்மோடு வாழ்பவளை நம்மோடு அமர்த்துதல் அந்த மரபுக்கு மாறானதன்று, அதன் தொடக்கமேயாகும்.

"அடையும் தோசையும் ஒவ்வொன்றாகத்தானே வார்க்க முடியும்? எல்லாரும் எப்படி ஒன்றாக அமர்வது?" என்பர் வேறு சிலர். முன்பு போட்ட கணக்கையே மறுபடி போடுவோம். பாட்டிக்கு ஓய்வு கொடுப்போம். மகள் சிறியவள் என்றால் அவளையும் விட்டுவிடுவோம். தந்தை, தாய், வளர்ந்த மகன் ஆகிய மூவரும் ஆளுக்கு ஐந்து அடை வார்த்தால், ஒருவருக்கு இருபது நிமிடமே அடுப்படி வேலை. மூவருக்கும் சூடான அடை கிடைக்கும். எரிவாயு அடுப்பில் இரண்டு கல் போட்டால் நேரம் இன்னும் பாதியாகும். இதற்கும் முடியாத நாளில் பொங்கல், இட்லி, சேவை என்று ஒரே முறையில் எல்லாருக்கும் ஆகிவிடும் உணவைச் செய்து, நடுவே பாத்திரத்தை வைத்துக்கொண்டு வட்டமாக அமரலாம். வேண்டுவதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். ஈர விறகை ஊதாங்குழலால் ஊதிக் கண் சிவந்த காலம் பல வீடுகளில் போய்விட்டது. மின்சார ஆட்டுக்கல்லும் அழுத்தக் கலமும் கையின் வேலையைக் குறைத்துவிட்டன. எஞ்சிய வேலையைப் பகிர்ந்துகொள்வது அத்துணை அரிதன்று.

ஆண்பிள்ளைகள் கரண்டி பிடிப்பது இழுக்கு என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் விரும்பிச் செல்லும் விடுதிகளின் அடுக்களையை எட்டிப் பாருங்கள். அங்கே தோசைக்கல்லின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆடவரே. ஊதியத்துக்காகச் செய்யும்போது இழுக்காகாத தொழில், தாய்க்காகச் செய்யும்போது எப்படி இழுக்காகும்?

நேயர்களே, இன்னும் மழை நாள்கள் வரும். அடுப்பில் கல் காயும். ரசம் நுரை கட்டும். அப்போது உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து இலை போடுங்கள். ஐந்தாவது இலைக்கு உரியவர் வந்து அமர்ந்தபின் முதற்கவளத்தை எடுங்கள். முதல் அடையை ஒருநாள் தாயின் இலையில் வையுங்கள். அவர் வேண்டாம் என்று மறுப்பார், மறுநாளும் வையுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்த்ததைக் கற்றுக்கொள்வார்கள்.